குள்ளம்மாளுக்கு ஊற்றாத தண்ணீர்

தெரசா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவேண்டிய நேரத்தில், அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள்.

"ஊத்துனியா, ஊத்தலையா? அத மட்டும் சொல்லு தாயி. மத்ததெல்லாம் அப்பறமா பேசிக்கலாம்," என்றார் இன்னாசி.

இன்னாசி மாதாபட்டி பங்குப் பேரவையின் துணைத் தலைவர். தலைவர் பங்குச்சாமியார்தான் என்றாலும், கோயில் மணியிலிருந்து கல்லறைத் தோட்டத்துச் சாவி வரைக்கும் எல்லாம் இன்னாசியின் இடுப்பில்தான் தொங்கும். சாமியார்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். இன்னாசி எங்கேயும் போகமாட்டார். சாவு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு இதைக் கேட்டார்.

உள்ளே கட்டிலில் குள்ளம்மாள் கிடந்தாள். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. வாயைக் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தன் பெட்டியிலிருந்த நல்ல புடவை ஒன்றை எடுத்துப் போர்த்தியிருந்தாள் தெரசா. எத்தனை தடவை துடைத்தும் குள்ளம்மாளின் விரல்களில் புளிக்கறை போகவில்லை.

இன்னாசி கேட்டது என்னவென்று மாதாபட்டியில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். சாகக் கிடக்கிறவர் தலையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரைச் சொன்னால் போதும், ஞானஸ்நானம் ஆகிவிடும். சாமியார் வேண்டாம், கோயில் வேண்டாம், ஒரு சொம்புத் தண்ணீர் போதும். தெரசா ஊற்றியிருந்தால் குள்ளம்மாள் வேதக்காரி. கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு, மணி உண்டு, சாமியார் உண்டு. ஊற்றாவிட்டால் அவள் அஞ்ஞானி. எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். குள்ளம்மாள் இத்தனை வருஷம் எப்படி வாழ்ந்தாள், யாருக்கு என்ன செய்தாள் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம், அந்த ஒரு சொம்புதான் வேண்டும். நல்ல நியாயம்!

"ஊத்தல," என்றாள் தெரசா.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு."

"ரோசன பண்ண என்னா இருக்குது? ஊத்தல. அவ வேண்டாம்னு சொல்லிட்டா."

இன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப எப்பிடி நம்ம தோட்டத்துல வெக்கறது?"

"எங்க மாமியாவ பொதைச்ச குழி இருக்குது. அதையே தோண்டி வெச்சிக்கறோம். உங்க எடத்துல ஒரு முழம் சேத்துக் கேக்கலீங்களே."

"குழி உங்க மாமியாளதுதான். மண்ணு மந்திரிச்ச மண்ணு. அதுல அஞ்ஞானிய வெச்சா நாளைக்கு ஊரு என்னையத்தான் கேக்கும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஆமா, இவ என்னா ஆளுங்க? அதாவது தெரியுமா?"

"ஞானஸ்நானம் வாங்குனா சாதி இல்லேன்னு கோயில்ல நீங்கதான வாசகம் படிக்கறீங்க?"

"அது வேற, இது வேற," என்றார் இன்னாசி. எது எதிலிருந்து வேறு என்று அவர் சொல்லவில்லை.

குள்ளம்மாளுக்குச் சொந்த ஊர் பென்னாகரத்துக்கு அந்தாண்டை, காட்டை ஒட்டி. ஆடு மேய்க்கிற குடும்பம். புருஷன் அறைந்த அறையில் இடது காது கேட்காமல் போனது. ஒரு நாள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, கட்டிய புடவையோடு பஸ் ஏறிவிட்டாள். தருமபுரியில் இறங்கி இன்னொரு பஸ், அப்புறம் பொம்மிடி ரயில் நிலையம். எந்த ரயிலில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று தெரியாமல் நடைமேடையில் உட்கார்ந்திருந்தவளை, புளி மண்டியில் கூலி வாங்கிக்கொண்டு திரும்பிய தெரசா பார்த்தாள். அப்போது தெரசாவுக்குக் கல்யாணமான புதிது.

"சாப்டியா?" என்றுதான் முதலில் கேட்டாள். மற்றதெல்லாம் களி தின்ற பிறகு சொன்னாள் குள்ளம்மாள். வீட்டுக்குப் பின்னால் கோழி அடைக்கிற சாய்ப்பு ஒன்று இருந்தது. அதைக் கூட்டி மெழுகிக் கொடுத்தாள் தெரசா. நாலு நாள் இருக்கட்டும் என்று கொடுத்ததுதான். அங்கேயே குள்ளம்மாளுக்குத் தலை நரைத்தது.

மாசி பிறந்துவிட்டால் ஷுக்கூர் பாயின் மண்டியிலிருந்து மினி லாரியில் புளி வந்து இறங்கும். அப்துல் ஷுக்கூர் பாய் சுற்றுவட்டாரத்து மரத்துப் புளியெல்லாம் குத்தகைக்கு எடுக்கிறவர். தெருப் பெண்கள் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து ஓடு தட்டுவார்கள், நார் உரிப்பார்கள், கொட்டை நெம்புவார்கள். நகக்கண் வெடித்துப் போகும். அந்தக் கையால் குழம்பை ஊற்றிக் களியைப் பிசைந்தால் உயிர் போகிற மாதிரி எரியும். தவக்காலமும் புளிக்காலமும் சேர்ந்தே வருவதால், மாதாபட்டியில் தவம் செய்ய யாரும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

தெரசா செபமாலை சொல்லிக்கொண்டே தட்டுவாள். முன்பாதியை அவள் சொன்னால் பின்பாதியைத் தெருப் பெண்கள் சொல்வார்கள். மத்தியான வெயிலில் தெரசா கண் சொருகிவிட்டால், சுத்தியல் சத்தத்துக்கு நடுவே குள்ளம்மாளின் குரல் வரும். விட்ட இடத்திலிருந்து முன்பாதியைச் சொல்லிக்கொண்டிருப்பாள். நெற்றியில் முனியப்பன் கோயில் திருநீறு பளிச்சென்று இருக்கும்.

"ஏம்மே, உனுக்கு என்னாத்துக்கு இது?" என்று பக்கத்து வீட்டுச் சாலம்மாள் சிரிப்பாள்.

"இவ பாதியில உட்டுட்டுத் தூங்கறா. உங்க மாதா காத்துக்கிட்டு நிக்கமாட்டாளா? பாவம், பொம்பள," என்பாள் குள்ளம்மாள்.

கொரோனா வந்த வருஷம் தெரசாவும் அவள் புருஷன் ராயப்பனும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். வீட்டுக்கு முன்னால் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். பங்கு வாட்ஸப்பில் கும்பிடுகிற கைப் படங்கள் வந்து குவிந்தன. இன்னாசி ஐந்து கைகளை வரிசையாகப் போட்டு, "செபத்தில் நினைவுகூருகிறோம்" என்று எழுதியிருந்தார். நினைவுகூர்ந்தது யார், எப்போது கூர்ந்தார்கள் என்று தெரியாது. தகரத்தை நகர்த்திக்கொண்டு உள்ளே வந்தவள் குள்ளம்மாள் மட்டும்தான். கஞ்சி வைத்தாள். ராயப்பன் எழ முடியாமல் படுக்கையிலேயே போனதை அள்ளிக் கொட்டினாள். மூச்சு முட்டிய ராத்திரியெல்லாம் தெரசாவின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வந்தா எனுக்கும் வரட்டும். எனுக்கு அழறதுக்கு யாரு இருக்கறா?" என்றாள்.

அவளுக்கு மாதாபட்டியில் ஆறடி மண் இல்லை என்று சொன்னால் வயிறு எரியுமா எரியாதா?

"அவ ஆளுங்களுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார் இன்னாசி.

ராயப்பன் செல்போனை எடுத்தான். அவன் கொத்தனார். அதிர்ந்து பேசாத மனுஷன். குள்ளம்மாளின் அண்ணன் அர்ச்சுனன் நம்பரை எப்போதோ வாங்கி வைத்திருந்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, பொம்மிடிப் பக்கம் மாதாபட்டியில இருந்து பேசறேங்க. உங்க தங்கச்சி குள்ளம்மா..."

"எந்தக் குள்ளம்மா?"

"உங்க கூடப்பொறந்தவங்க. காலைல தவறிட்டாங்க."

அந்தப் பக்கம் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது.

"அவ பஸ் ஏறுன அன்னிக்கே நாங்க தலமுழுவிட்டோம். ஒரு ஆளு ரெண்டு தடவ சாவ முடியாது. இத்தன வருசம் சிலுவக்காரங்க சோத்தத்தான தின்னா? அவங்களே பாத்துக்கட்டும்." போன் வைக்கப்பட்டது.

அடுத்து ஊருக்குள் மாதையனிடம் ஆள் போனது. மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா அவர். சுடுகாட்டில் எரிக்கவாவது விடுங்கள் என்று கேட்டதற்கு, "உங்க தெருவுல இருந்தவள நாங்க எடுத்தா, எங்க ஆளுங்க எங்கூடச் சண்டைக்கு வருவாங்க. இன்னா வமுசம்னே தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க," என்று அனுப்பிவிட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறெப்படி எடுத்துக்கொள்வது?

தெரசா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குள் யாருக்கும் சொல்லாத ஒரு பயம் இருந்தது. இன்னாசிக்குப் பயந்தோ ஊருக்குப் பயந்தோ வந்ததில்லை அது.

வயிற்றில் கட்டி என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிய பிறகு, தெரசாவே குள்ளம்மாளிடம் கேட்டிருந்தாள். தெரசா விசுவாசக்காரி. நரகம் இருக்கிறது என்று நம்புகிறவள். ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி காட்டிய படத்திலிருந்த நெருப்பு இன்னும் அவள் கண்ணில் நிற்கிறது. அந்த நெருப்பில் குள்ளம்மாளா?

"குள்ளம்மா, ஒண்ணு கேக்கறேன். வேண்டாம்னு சொல்லாத."

"கேளு."

"உன் தலையில கொஞ்சம் தண்ணி ஊத்தி மந்திரம் சொல்லிடறேன். ஞானஸ்நானம். அப்பறம் ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குப் போயிடலாம். நீ முன்னால போயி எனுக்கு எடம் போட்டு வெய்யி."

குள்ளம்மாள் கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு யோசித்தாள். "எங்கம்மா எங்க இருக்கறா?"

"எனுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்க சாமியாருங்க சொல்ற மாதிரி பாத்தா எங்க இருக்கறா?"

தெரசா போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள்.

"பாத்தியா. எங்கம்மா ஒரு ஈ எறும்ப அடிச்சவ இல்ல. புள்ளைங்களுக்குப் போட்டுட்டு அவ தண்ணியக் குடிச்சிட்டுப் படுப்பா. அவ எரிஞ்சிக்கிட்டுக் கெடக்கறப்ப நான் மட்டும் நெழல்ல போயி ஒக்காரட்டுமா? எனுக்கு வேண்டாம் தெரசா. நீ ஆசையாக் கேக்கற, தெரியுது. ஆனா வேண்டாம். நான் நெனவு தப்பிக் கெடக்கறப்ப ஊத்திடாத. சத்தியம் பண்ணு."

தெரசா சத்தியம் செய்தாள். இன்று விடியற்காலையில் குள்ளம்மாளுக்கு மூச்சு இழுத்தபோது தெரசா கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. குள்ளம்மாளுக்கு நினைவு இல்லை. ராயப்பன் வாசலில் நின்றிருந்தான். இரண்டு சொட்டு நெற்றியில் விட்டு உதட்டுக்குள்ளே சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கை நெற்றி வரைக்கும் போயிற்று. பிறகு கீழே இறக்கி, அந்தத் தண்ணீரை உதட்டில் விட்டாள். ஒரு வாய் உள்ளே போனது. மறு வாய் கடைவாயில் வழிந்துவிட்டது.

தப்புச் செய்துவிட்டேனா ஆண்டவரே, அவளை நெருப்பில் தள்ளிவிட்டேனா? காலையிலிருந்து தெரசா இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் பங்குச்சாமியார் இளம்பரிதி பைக்கில் வந்தார். இளவயது. நல்லவர்தான். மறுநாள் குருத்து ஞாயிறு என்பதால் கோயிலில் ஓலை கட்டும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குள்ளம்மாளைக் கும்பிட்டார். அதற்கே தெரசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, திருச்சபை கல்நெஞ்சு இல்லம்மா. ஆனா ஒரு ஒழுங்கு இருக்கு. திருமுழுக்கு வாங்காதவங்கள வைக்கணும்னா ஆயர்கிட்ட அனுமதி வாங்கணும். போன் பண்ணிட்டேன். அங்க யாரும் எடுக்கல. நாளைக்குப் புனித வாரம் ஆரம்பம், எல்லாரும் வேலையா இருப்பாங்க."

"எடுக்கற வரைக்கும் பொணம் தாங்குமா சாமி? வெளிய வெயிலப் பாருங்க."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கடைசி நேரத்துல நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. தண்ணி குடுத்தீங்க. அந்தத் தண்ணி நெத்தியில பட்டிருக்கலாம். நீங்க மனசுக்குள்ள செபம் சொல்லியிருப்பீங்க. இல்லையா? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் மேல எதுவும் கேக்கமாட்டேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சாமி?"

"பொய்னு சொல்லாதீங்கம்மா."

"வேற என்னான்னு சொல்றது?" தெரசாவுக்குக் குரல் ஏறியது. "சாமி, ஒண்ணு கேக்கறேன். இவ இப்ப நரகத்துலயா இருக்கறா?"

சாமியாருக்கு முகம் வேர்த்தது. "அப்படி யாரும் சொல்ல முடியாதும்மா. கடவுளோட இரக்கம் பெருசு. நல்ல மனசோட வாழ்ந்தவங்களக் கடவுள் ஏத்துக்குவாருன்னுதான் திருச்சபையும் சொல்லுது."

"மெய்யாலுமா? ஏத்துக்குவாரா?"

"ஏத்துக்குவாரும்மா."

தெரசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கிற்று. அது இறங்கிய இடத்தில் ஆத்திரம் ஏறியது.

"கடவுளு அவரு வூட்டுல சேத்துக்குவாரு. இன்னாசி அவரு தோட்டத்துல சேத்துக்கமாட்டாரு. அப்ப மோட்சத்தவுட இந்தக் கல்லறத் தோட்டம் ஒசத்தியாப் போச்சா சாமி?"

சாமியார் செல்போனை எடுத்தார். மறுபடி போன் செய்து பார்க்கிறேன் என்று எழுந்து போனார்.

வெயில் ஏறியது. பங்குனி வெயிலுக்கு மாதாபட்டியில் நாய்கூட நிழலை விட்டு வராது. ஷுக்கூர் பாய் மினி லாரியில் ஐஸ் பெட்டி கொண்டுவந்து இறக்கினார். வாசலில் நின்று தலையை ஆட்டினார். "எங்க கபர்ஸ்தான்ல கேட்டுப் பாக்கலாம்னு தோணிச்சும்மா. கேட்டா எங்க ஜமாத்துலயும் இதே பதிலுதான் வரும். எனக்கே வெக்கமா இருக்கு." மண்டி வேலையை இன்றைக்கு நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போய்ப் போய் வந்தது.

மத்தியானத்துக்கு மேல் சாலம்மாள் தெரசாவின் காதருகே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, கால் வீங்க ஆரம்பிச்சிடுச்சி. ஊத்துனேன்னு சொல்லிடுக்கா. யாருக்கு நட்டம்?"

"அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறேன் சாலா."

"ஊத்தமாட்டேன்னுதான சத்தியம்? ஊத்துனேன்னு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணலையே."

தெரசாவுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அது நின்றது. "சாலா, அவ எங்க மூத்தரத்த அள்ளிக் கொட்டுனப்ப, நீ வேதக்காரியா இந்துவான்னு நான் கேட்டேனா? கேக்கல. இப்ப அவ பொணத்த வெச்சிக்கிட்டு, இவ எங்க ஆளுதான்னு நானே பொய்யாச் சீட்டு ஒட்டணுமா? அப்ப குள்ளம்மாளா வாழ்ந்தது ஒண்ணுமே இல்லையா?"

சாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஈயை விரட்டினாள்.

ராயப்பன் எப்போது எழுந்து போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது. விட்டு விட்டு அடிக்கிற துக்க மணி. தெருவே வெளியில் வந்து பார்த்தது. யார் செத்தது என்று கேட்டவர்களுக்கு, "நம்ம குள்ளம்மாதான். ராயப்பன் தண்ணி ஊத்திட்டானாம்" என்று பதில் போனது.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். தெரசா அவனைப் புழக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யோவ், என்னாய்யா பண்ணிட்டு வந்த?"

"நான் ஊத்துனேன்னு இன்னாசிகிட்ட சொல்லிட்டேன்."

"எப்ப ஊத்துன? வாசல்ல தூணாட்டம் நின்னுக்கிட்டிருந்த நீயி?"

"உடம்பு நாறிடும் தெரசா." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என் பீய அள்ளுனவ. அவ நாறிக்கிட்டுக் கெடக்கறத என்னால பாக்க முடியாது. பொய்னா அந்தப் பாவம் எந்தலையில இருக்கட்டும். நீ ஒண்ணும் சொல்லல. நீ சும்மா மட்டும் இரு."

அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. தெரசா சும்மா இருந்தாள். அதுவும் பொய்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கவேண்டுமே! காலையிலிருந்து எட்டிப் பார்க்காத சனமெல்லாம் மாலையும் கையுமாக வந்தது. மரியாயின் சேனை என்கிற பக்தசபைப் பெண்கள் நீலக்கரைப் புடவையில் வந்து வட்டமாக உட்கார்ந்து பாடினார்கள். யார் வீட்டிலிருந்தோ குடம் குடமாக நீர்மோர் வந்தது. இன்னாசி இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குள்ளம்மாளின் நெற்றியில் சிலுவை போட்டார். அங்கே ஒட்டியிருந்த திருநீற்றுத் தடத்தைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துத் துடைத்தார்.

"நம்ம பங்கு மகள்! எப்பேர்ப்பட்ட பாக்கியம்! மாதாவுக்கு உகந்த சனிக்கிழமையில ஞானஸ்நானம் வாங்கி, அன்னிக்கே மோட்சத்துக்குப் போறதுன்னா சும்மாவா?"

காலையில் செத்தவளும் இவள்தான், சாயங்காலம் செத்தவளும் இவள்தான். நடுவில் என்ன மாறிவிட்டது? தெரசா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்ததும் எடுத்தார்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம். சேலத்துக்குப் போகிற வண்டி ஒன்று கடந்து போகும் வரைக்கும் பாட்டை நிறுத்திக் காத்திருந்தார்கள். அங்கே நிற்கிற சிமெண்டுச் சிலுவைகளில் பாதி ராயப்பன் கட்டியது. மாமியாளின் குழியை அவனே இரண்டு ஆட்களோடு தோண்டி வைத்திருந்தான். பெட்டியை இறக்கினார்கள். கயிற்றை உருவினார்கள். சாமியார் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தில் இன்னாசி ஒரு மரச்சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் வெள்ளைப் பெயிண்டில் "மரியாள்" என்று எழுதியிருந்தது.

"யாருங்க மரியாள்?" என்று கேட்டாள் தெரசா.

"ஞானஸ்நானப் பேரு வேண்டாமா? நான்தான் வெச்சேன்," என்றார் இன்னாசி பெருமையாக.

சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு நாலு வார்த்தை பேசினார். யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. "நம் சகோதரி மரியாள் வாழ்நாளெல்லாம் இருளில் நடந்தாள். அவளுடைய நாட்கள் வீணாய்ப் போயின. ஆனாலும் இறுதி மணித்துளியில் இறைவன் அவளை ஒளிக்கு அழைத்தார். இந்தப் பங்கு மக்களுடைய அன்புதான் அவளை இந்த மீட்புக்குக் கொண்டுவந்து சேர்த்தது..."

"நிறுத்துங்க சாமி."

பாட்டுக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராயப்பன், "தெரசா, வேண்டாம்" என்றான்.

"என்னாத்துக்கு வேண்டாம்? இருட்டுல நடந்தாளாம்! எந்த இருட்டு? கொரோனாவுல தகரத்த நவுத்திட்டு எங்க வூட்டுக்குள்ள வந்தாளே, அந்த இருட்டா? அப்ப வெளிச்சத்துல இருந்த நீங்கல்லாம் எங்க இருந்தீங்க? செல்போன்ல கையக் கும்பிட்டுக்கிட்டு வூட்டுக்குள்ள கெடந்தீங்க. வீணாப் போன நாளாம்! இவ வீணா இருந்த நாளு எதுன்னு ஒருத்தரு சொல்லுங்க பாப்போம். இவ பேரு மரியாள் இல்ல. குள்ளம்மா. இவ தலையில யாரும் தண்ணி ஊத்தல. நானும் ஊத்தல, எம்புருசனும் ஊத்தல. ஊத்தாதன்னு சொல்லிட்டுத்தான் செத்தா. உங்க தயவுல மோட்சத்துக்குப் போறதுக்கு அவளுக்கு இஷ்டமில்ல!"

இன்னாசிதான் முதலில் பேசினார். அவர் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"கேட்டீங்களா சாமி? புருசனும் பொண்டாட்டியும் சேந்துக்கிட்டு ஆண்டவரு பேருல பொய் சொல்லியிருக்கறாங்க. பெட்டிய வெளிய எடுங்கடா! ராயப்பா, எறங்குடா குழியில!"

தெரசா போய்க் குழி விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் உள்ளே தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"எடுக்கறவங்க மொதல்ல என்னையத் தூக்கிட்டு எடுங்க. இன்னொண்ணும் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. அங்க நெருப்பு இருக்குதுன்னு நம்பறவ நான். சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லல. நீங்க போற மோட்சத்துல குள்ளம்மாளுக்கு எடம் இல்லேன்னா, எனுக்கும் அங்க எடம் வேண்டாம். ஆண்டவரு மொகத்துக்கு நேராவே சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அவள் குழி விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொல்வோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

இன்னாசி மறுபடியும், "ராயப்பா!" என்று கத்தினார்.

ராயப்பன் மண்வெட்டியை எடுத்தான். குழியில் இறங்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் தெரசாவின் தோளைத் தொட்டு, "காலத் தூக்கிக்கோ" என்றான். அவள் காலை மடக்கிக்கொண்டதும், குவித்திருந்த மண்ணை வாரிப் பெட்டி மேல் தள்ளினான். பொத்தென்று விழுந்தது. நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் அடுத்ததையும் தள்ளினான். சாலம்மாள் ஓடி வந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள்.

இன்னாசி மரச்சிலுவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். பாதிச் சனம் அவர் பின்னால் போயிற்று. வெளியே போகவில்லை, வேடிக்கையை விட மனசில்லாமல் கேட்டருகே நின்றுகொண்டது.

சாமியார் புத்தகத்தை மூடிவிட்டார். குழி நிரம்பி மேடாகிற வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு தெரசாவின் பக்கம் வந்து, "செபத்துல சேத்துச் சொல்றேன், அவங்க அப்பா அம்மா பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"காலைலயே கேட்டிருக்கணும் நீங்க," என்றாள் தெரசா. பெயரைச் சொல்லவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் கையை விரித்து, ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தை ஆரம்பித்தார். "குள்ளம்மாளுக்காக" என்று முதலில் சொன்னார். பழக்கம் என்பது லேசில் விடுமா? அந்தச் செபத்தைக் கேட்டதும் கல்லறைத் தோட்டமே சேர்ந்து சொல்ல ஆரம்பித்தது. ராயப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னான். சாலம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். கேட்டருகே நின்ற சனமும் சொன்னது. எல்லாக் குரலுக்கும் மேலே இன்னாசியின் குரல் கணீரென்று கேட்டது.

தெரசாவும் சொன்னாள். மண் ஒட்டிய கையைக் கூப்பிக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்துதான் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற இடம் வந்தது. அந்த இடத்தில் தெரசா வாயை மூடிக்கொண்டாள். இன்றைக்கு இந்தத் தோட்டத்தில் சொன்ன பொய்யே போதும் என்று இருந்தது அவளுக்கு.